ஓர் இடைவெளிப் பஞ்சாயத்து



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கணினி நிரல் பற்றியது. கணினி பக்கமே போகாத என் அக்காவும் நாத்தனாரும் "நமக்கு எதுக்கு இது" என்று நகர்ந்துவிட வேண்டாம். நாலு பேர் கூடி வேலை செய்கிற இடத்தில் எதைப் பற்றிப் பேச வேண்டும், எதைப் பற்றிப் பேசியே மனம் கசந்து போகக் கூடாது என்பதுதான் விஷயம். அது கல்யாண வீட்டுக்கும் பொருந்தும்.

என்னிடம் கணக்குப் படித்த இரண்டு பேர் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பஞ்சாயத்தோடு வந்தார்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெரியவன், சின்னவள் என்றே சொல்கிறேன். பெரியவன் ஒரகடத்தில் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறான். சின்னவள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. இருவரும் ஒரே கட்டற்ற மென்பொருளுக்கு உழைக்கிறார்கள். தமிழ்ச் சொல் சரியா தப்பா என்று பார்த்துச் சொல்கிற சின்ன மென்பொருள் அது. சம்பளம் கிடையாது. ஏழெட்டுப் பேர், ஏழெட்டு ஊர். பெரியவன் ஷிப்ட் முடித்து வந்து ராத்திரியில் எழுதுவான்.

கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தை ஏற்கெனவே அதில் இருப்பவர்கள் படித்துப் பார்த்து, சரி என்றால் சேர்த்துக்கொள்வார்கள். விடைத்தாள் திருத்துவது மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே தாள் எழுதியவரும் திருத்துபவரும் சக ஊழியர்கள்.

சின்னவள் முதன்முதலாக ஆறு வரி எழுதி அனுப்பினாள். நாலு நாளில் பதினொரு கருத்துகள் வந்தன. அதை எனக்குப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடு. ஒற்றை மேற்கோள் வேண்டாம், இரட்டை மேற்கோள் போடு. இந்த வரி நீளம், மடக்கு. மடக்கியது சரியில்லை, வேறு இடத்தில் மடக்கு. கால்புள்ளிக்கு முன்னால் இடைவெளி எதற்கு. பதினொன்றில் ஆறு பெரியவன் எழுதியவை. ஒன்றுகூட அந்த ஆறு வரி என்ன வேலை செய்கிறது என்பதைப் பற்றி இல்லை. கடைசியில் அவள் எனக்கு எழுதியிருந்தாள்: "டீச்சர், இனிமே நான் அனுப்பறதா இல்ல. எனக்குக் கோட் எழுதத் தெரியலன்னு நினைக்கிறாங்க."

அவளே இன்னொன்றும் சொன்னாள். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் கருவி இருக்கிறது, ஒரு கட்டளை கொடுத்தால் மொத்த நிரலையும் ஒரே சீராக அடுக்கிவிடும், அதைப் போட்டுவிடலாம் என்று குழுவில் கேட்டிருக்கிறாள். பெரியவன் முடியாது என்றிருக்கிறான். அதுதான் பஞ்சாயத்து.

தீர்ப்புச் சொல்லும் முன் படிக்க வேண்டும் அல்லவா. ஒரு வாரம் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

நிரலில் இடைவெளியும் வரி மடக்கும் பெரும்பாலும் கணினிக்குப் பொருட்டல்ல, படிக்கிற மனிதருக்குத்தான். பைத்தான் மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கு மட்டும் பொருள் உண்டு. எந்த வரி எந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்பதை அதுதான் சொல்லும். மற்ற இடங்களில் ஒருவர் நெருக்கி எழுதுவார், ஒருவர் தள்ளி எழுதுவார். பலர் சேர்ந்து எழுதும்போது ஒரு பொது வழக்கம் தேவைப்பட்டது. பைத்தானுக்கு அப்படி ஒரு நடைக் கையேடு 2001-இல் வந்தது. வரிக்கு 79 எழுத்து, உள்ளடங்கலுக்கு நாலு இடைவெளி என்று விதிகள். விதி வந்தால் சண்டை ஓய வேண்டும். ஓயவில்லை. விதியை யார் மீறினார்கள் என்று கண்டுபிடிப்பதே சிலருக்குத் தனி வேலையாகிவிட்டது.

2009-இல் கூகுள் வெளியிட்ட 'கோ' மொழி வேறு வழியில் போனது. மொழியோடு கூடவே அடுக்கும் கருவியையும் கொடுத்துவிட்டார்கள். எப்படி எழுதினாலும் அதன் வழியாக விட்டால் ஒரே வடிவத்தில் வெளியே வரும். அந்த வடிவம் யாருக்கும் முழுதாகப் பிடித்ததல்ல, ஆனால் அந்தக் கருவி எல்லாருக்கும் பிடித்தது என்று அந்த மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ராப் பைக் சொன்னதாகப் படித்தபோது சிரித்தேன். எங்கள் பள்ளிச் சீருடை ஞாபகம் வந்தது. அந்த நிறம் பிடித்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஆனால் காலையில் என்ன உடுத்துவது என்று எந்த வீட்டிலும் ரகளை இல்லை.

பைத்தானுக்கு அப்படி ஒரு கருவியை 2018-இல் போலந்துக்காரரான உகாஷ் லாங்கா வெளியிட்டார். அதன் பெயர் 'பிளாக்'. ஹென்றி ஃபோர்டு தன் மாடல் டி காரை எந்த நிறத்தில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், கறுப்பாக இருக்கும்வரை என்ற பொருளில் சொன்னதாக ஒரு கதை உண்டல்லவா, அந்தக் கறுப்புதான். பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை இருந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. 1914-க்கு முன்பு மாடல் டி வேறு நிறங்களிலும் வந்தது, 1926 முதல் மறுபடி வந்தது. நடுவில் கறுப்பு மட்டும். நிறத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. இந்தக் கருவியும் அப்படித்தான். பயன்படுத்துபவருக்கு மாற்றிக்கொள்ள அமைப்புகள் மிகக் குறைவு. வரி நீளம் 88 எழுத்து என்று அதுவே வைத்துக்கொள்கிறது.

பெரியவனின் முதல் பயம், "கருவி தப்பா மாத்திட்டா?" நியாயமான கேள்வி. கணக்கு டீச்சர் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கான பதில்தான். வாக்கியத்தை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று பிரிக்கிறோமே, அதுபோல் கணினியும் நிரலைப் பிரித்து ஒரு மரம் மாதிரி வைத்துக்கொள்கிறது. இந்தக் கருவி பழைய நிரலுக்கும் தான் அடுக்கிய புதிய நிரலுக்கும் இந்த மரத்தைப் போட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பில் கை வைக்காமல் விட்டுவிடுகிறது. கணக்கைப் போட்டுவிட்டு விடையைத் திரும்பப் பொருத்திச் சரிபாருங்கள் என்று எத்தனை வருஷம் உங்களிடம் தொண்டை வறளக் கத்தியிருப்பேன்! அதைத்தான் இது செய்கிறது.

இரண்டாவது பயம், அவன் கையால் எழுதிய ஓர் அட்டவணை. வேற்றுமை உருபுகளை வரிசையாக, நேர்க்கோட்டில், ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறான். படத்தில் பார்த்தேன், கோலம் மாதிரி இருந்தது. ஓர் உருபு விடுபட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கருவிக்கு அந்த அழகு புரியாது, அடுக்கைக் கலைத்துவிடும். இதற்கும் வழி இருக்கிறது. அட்டவணைக்கு மேலே ஒரு குறிப்பும் கீழே ஒரு குறிப்பும் போட்டுவிட்டால், நடுவில் இருப்பதை அது தொடாது. அப்படி விலக்கு கேட்பதற்குக் காரணம் வலுவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது பயத்தை அவன் நேரடியாகச் சொல்லவில்லை. நானாகக் கேட்டு வாங்கினேன். இந்த வேலைகளையெல்லாம் பதிந்து வைக்கிற 'கிட்' என்ற மென்பொருள், ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எப்போது, என்ன காரணத்துக்காக மாற்றினார்கள் என்று காட்டும். ஐந்து வருஷ ராத்திரிகள் அதில் இருக்கின்றன. மொத்த நிரலையும் ஒரே நாளில் கருவியால் அடுக்கினால், ஆயிரக்கணக்கான வரிகளுக்கு எதிரே அடுக்கியவரின் பெயரும் அந்த ஒரு நாளும்தான் நிற்கும். "என் பேரு போயிடும்னு சொல்லல டீச்சர். ஏன் அப்படி எழுதினோம்ங்கற காரணம் போயிடும்" என்றான். பேரும்தான், எனக்குத் தெரியும். அதில் தவறில்லை. சம்பளமில்லாத வேலையில் பெயராவது மிஞ்ச வேண்டாமா?

பழைய பதிவுகள் எதுவும் அழிவதில்லை. ஆனால் தேடுவது சிரமமாகிவிடும். இதற்கு 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பில் வழி செய்திருக்கிறார்கள். அடுக்கிய மாற்றத்தின் அடையாள எண்ணை ஒரு தனிக் கோப்பில் எழுதி வைத்துவிட்டால், யார் எழுதியது என்று தேடும்போது அந்த மாற்றத்தைத் தாண்டி அதற்கு முந்தைய ஆளைக் காட்டச் சொல்லலாம். ஒரு நிபந்தனை. அந்த மாற்றத்தில் அடுக்கும் வேலை மட்டும்தான் இருக்க வேண்டும். போகிற போக்கில் ஒரு பிழையையும் திருத்திவிட்டால், அந்தத் திருத்தமும் தாண்டப்பட்டு மறைந்துவிடும். வெள்ளையடிக்கும்போதே ஒரு ஜன்னலையும் அடைத்துவிட்டு, எல்லாம் வெள்ளையடிப்புதான் என்று கணக்கு எழுதுவது போல ஆகிவிடும்.

நாலாவது, பாதியில் நிற்கிற வேலைகள். யாரோ ஒருவர் இருபது வரி மாற்றிக் கையில் வைத்திருக்கும்போது அடியில் இருக்கும் நிரல் முழுக்க மாறினால், அவருடைய மாற்றம் பொருந்தாமல் முட்டும். அதைப் பிரித்துச் சேர்க்க அரை நாள் ஆகலாம். அந்த அரை நாள் யாருடையது? பெரும்பாலும் புதிதாக வந்தவருடையது. ஆகவே நாள் குறித்து, முன்கூட்டிச் சொல்லி, கையில் இருப்பவற்றை முதலில் சேர்த்து முடித்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும்.

பெரிய இடங்களில் எப்படிச் செய்தார்கள் என்றும் பார்த்தேன். ஜாங்கோ என்று பைத்தானில் எழுதிய ஒரு மென்பொருள், வலைத்தளங்கள் கட்டுவதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது. அவர்கள் பிளாக் கருவியை ஏற்பது என்று 2019-இல் முடிவு செய்தார்கள். உடனே பாயவில்லை. அந்தக் கருவியே சோதனைப் பதிப்பிலிருந்து வெளியே வரட்டும் என்று காத்திருந்தார்கள். 2022 ஜனவரியில் அதன் நிலையான பதிப்பு வந்தது. பிப்ரவரி 7-ஆம் தேதி மொத்த நிரலையும் அடுக்கினார்கள். முடிவுக்கும் செயலுக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று வருஷம். அவசரப்படாததால் அவர்களுக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு 1978 நினைவுக்கு வந்தது. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்பு. அந்த வருஷம் அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935-இலேயே தன் 'குடிஅரசு' இதழில் பயன்படுத்தத் தொடங்கிய வடிவங்கள் அவை. ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கையை இழந்தன. ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசை ஆறும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. உச்சரிப்பு மாறவில்லை, பொருள் மாறவில்லை. அச்சுக் கோப்பவர்களுக்கும் தட்டச்சுக்காரர்களுக்கும் வேலை குறைந்தது. அம்மா கடைசிவரை தும்பிக்கை வைத்த லை-தான் எழுதினார். அவர் கடிதத்தைப் படிக்க எங்களில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை.

அதே பெரியார் 'ஐ'க்குப் பதில் 'அய்', 'ஔ'வுக்குப் பதில் 'அவ்' என்றும் எழுதினார். அதை அரசாணை எடுத்துக்கொள்ளவில்லை. அது சரியா தப்பா என்று இப்போது வாதிட வரவில்லை. ஆனால் இரண்டும் வேறு வேறு வகை மாற்றம் என்பது தெரிகிறதல்லவா? ஒன்று எழுத்தின் உருவத்தை மட்டும் தொட்டது. மற்றது எந்த எழுத்துகளால் சொல்லை எழுதுகிறோம் என்பதையே தொட்டது. முதலாவதை ஒரே ஆணையில் செய்துவிடலாம். இரண்டாவதை ஆள் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

நிரலுக்கும் இதே கோடுதான். அடுக்கும் கருவிகள் ஒரு வகை. பிழையைக் கண்டுபிடித்துத் தானே திருத்தும் கருவிகள் இன்னொரு வகை. 'ரஃப்' என்ற கருவி தன் திருத்தங்களைப் பாதுகாப்பானவை, பாதுகாப்பு உறுதியில்லாதவை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டாவது வகையை நாம் தனியாகக் கேட்டால் தவிர அது செய்யாது. நிரலின் போக்கு மாறிவிடக் கூடும் என்பதால். முதல் வகையைக் கருவியிடம் முழுதாக விட்டுவிடலாம். இரண்டாவதை ஒவ்வொன்றாக ஓர் ஆள் படித்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும். கருவி கொண்டு வருவோம் என்று சொல்பவர்கள் பல சமயம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொண்டுவருகிறார்கள். சின்னவளும் அப்படித்தான் கேட்டிருந்தாள். அதில் மட்டும் பெரியவன் பக்கம் நியாயம்.

என் தீர்ப்பைப் பெரியவனிடம் அவன் பாஷையிலேயே சொன்னேன். நம் ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான் ஆலை வந்தது, 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ், அடுத்த வருஷம் ராயல் என்ஃபீல்டு. அதன் பிறகு இந்தச் சுற்று வட்டாரத்தில் தரக்கட்டுப்பாடு என்ற சொல் தெரியாத வீடு இல்லை. துளையின் அளவைப் பார்க்க 'கோ, நோ-கோ கேஜ்' வைத்திருப்பார்கள். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. அவ்வளவுதான் சோதனை. அது வந்த பிறகு இயந்திரத்தில் நிற்பவருக்கும் சோதிப்பவருக்கும் "எனக்குச் சரியாத்தான் தெரியுது", "எனக்குத் தெரியல" என்ற பேச்சு இல்லை. "அங்கே கேஜ் வெச்சுப் பாக்கற நீ, இங்கே மட்டும் ஏம்ப்பா கண்ணாலயே அளக்கற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், கேஜ் போட்டா அந்தப் பொண்ணுக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணுமே இருக்காதே" என்றான்.

எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. நாம் ஒருவருடைய வேலையைப் பார்க்க உட்காரும்போது ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது. இடைவெளி கண்ணில் உடனே படுகிறது. அதைச் சொல்ல நிரலைப் புரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. சொல்லி முடித்ததும் படித்துவிட்ட திருப்தியும் வந்துவிடுகிறது. விடைத்தாளில் அடிக்கோடு போடவில்லை, ஓரம் விடவில்லை என்று சிவப்பு மையில் எழுதி நிரப்பிவிட்டு, கணக்கின் மூன்றாம் படியில் குறி மாறியிருப்பதைக் கவனிக்காத திருத்துநரை மதிப்பீட்டு முகாம்களில் நான் பார்த்திருக்கிறேன். சோம்பேறி இல்லை அவர். கவனமெல்லாம் ஓரத்திலேயே செலவாகிவிட்டது.

சின்னவளிடமும் சொன்னேன். அந்தப் பதினொரு கருத்தும் உன்னைப் பற்றியது இல்லைம்மா, சமக்குறியைப் பற்றியது என்று. ஆனால் அது அவள் மனதுக்கு அப்படிப் போய்ச் சேரவில்லை, போய்ச் சேரவும் செய்யாது. ஊர் பேர் தெரியாத ஒருவர் பொது இடத்தில் பதினொரு முறை திருத்தினால், முதல் முறை வந்த பிள்ளை வாசலோடு திரும்பிவிடும். அதே பதினொன்றையும் கருவி தானே சரிசெய்துவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. கருவியைக் காவலுக்கு வைப்பதிலும் இரண்டு விதம் உண்டு. "இது தப்பு, போய்த் திருத்திக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பும்படி வைக்கலாம். தானே அடுக்கிச் சேர்த்துவிடும்படியும் வைக்கலாம். புதியவர்கள் வர வேண்டும் என்று நினைக்கிற குழு இரண்டாவது விதத்தை வைக்க வேண்டும்.

அவர்கள் செய்தது இது. காத்திருந்த மூன்று திருத்தங்களை முதலில் முடித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடுக்குவது என்று குழுவில் அறிவித்தார்கள். அட்டவணைக்கு மேலும் கீழும் குறிப்புப் போட்டார்கள். அடுக்கும் வேலையைப் பெரியவனே செய்தான். தன் கையால் ஆகட்டும் என்று நினைத்திருக்கலாம். அந்த மாற்றத்தின் எண்ணைத் தாண்ட வேண்டியவை கோப்பில் எழுதி வைத்தான். தானாகப் பிழை திருத்தும் கருவியை இப்போதைக்கு வேண்டாம் என்று ஒத்திவைத்தார்கள்.

பிறகு சின்னவளின் அதே ஆறு வரியைப் பெரியவன் மறுபடி எடுத்தான். இப்போது இடைவெளி பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆகவே படித்தான். பயனர் தட்டிய சொல் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும் வரிகள் அவை. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். யூனிகோடு தரத்தின்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் அப்படியே ஒப்பிட்டால் கணினி இரண்டும் வேறு என்று சொல்லிவிடும். ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். சின்னவளின் வரிகளில் அது இல்லை. அவள் விசைப்பலகையில் சோதித்தபோது எல்லாம் சரியாக வந்திருக்கிறது. வேறொருவர் வேறு விதத்தில் தட்டினால் 'கொடு' என்ற சொல் பட்டியலிலேயே இல்லை, பிழை என்று வந்திருக்கும்.

பதினொரு கருத்து எழுதிய யாருடைய கண்ணிலும் படாதது இது. எந்த அடுக்கும் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாதது. தமிழ் தெரிந்த, நிரல் தெரிந்த ஓர் ஆள் பொறுமையாகப் படித்தால்தான் தெரியும். பெரியவன் ஒரே ஒரு கருத்து எழுதினான், இதைப் பற்றி. கூடவே, "மத்தபடி ரொம்ப நல்லா இருக்கு, தொடர்ந்து அனுப்பு தங்கச்சி" என்றும் எழுதினான். அவள் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். இப்போது அவளே வேறொருவரின் திருத்தத்தைப் படித்துப் பார்க்கிறாள்.

மென்பொருள் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் குழுவில் இப்படி ஒரு கருவி ஏற்கெனவே இருக்கும். இருந்தால், அது மிச்சப்படுத்திக் கொடுத்த நேரத்தில் அடுத்தவர் எழுதியதை உண்மையாகப் படிக்கிறீர்களா என்று ஒரு தரம் யோசியுங்கள். இல்லையென்றால், நாள் குறித்து, எல்லாரையும் கேட்டு, பழைய ஆட்களின் பெயரும் காரணமும் மறையாதபடி கொண்டுவாருங்கள். ஆலையில், அலுவலகத்தில், பள்ளியில் இருப்பவர்கள் உங்கள் இடத்து அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்